முட்டைக்கோசின் மணமும் அதன் பகைப்பூச்சிகளும்

முழுக்கடுகை முகர்ந்து பார்ப்போர்க்கு அதில் மணம் ஏதும் பெரிதாகத் தோன்றுவதில்லை. அதனையே அம்மியில் இட்டு நீர் தெளித்து அரைத்தால், மூக்கைத் துளைக்கும் நெடி எழுகின்றது. ஊறுகாய்க்குக் கடுகு அரைத்தவர் யாவரும் இதனை அறிவர். அந்த நெடி கடுகுக்குள் முன்னமே அடைபட்டுக் கிடந்ததன்று; அரைபடும்போது புதிதாய்ப் பிறப்பது. வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோசு வைத்து, அதனைப் புழுவுக்குப் பறிகொடுத்து, ‘இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?’ என்று கேட்போர் பலர். அவர்கள் முதலில் அறியவேண்டுவது மருந்தின் பெயரன்று, இந்த நெடியின் கதையே என்பது என் கருத்து. அக்கதையை அறிந்தோர்க்கு மருந்துக்கடைக்குச் செல்லும் தேவை பெரும்பாலும் நேர்வதில்லை.

முட்டைக்கோசு கடுகின் உறவு. பூக்கோசு, நூல்கோல், புரொக்கோலி, சீனர் விரும்பி உண்ணும் காய்லான் ஆகிய யாவும் முட்டைக்கோசோடு ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மனிதன் தன் விருப்பிற்கேற்ப இலையையும் பூவையும் தண்டையும் பெருக்கி வளர்த்ததால் வேறு வேறு உருவம் பெற்றவை. முள்ளங்கியும் நம் சந்தைகளில் விற்கும் சாவிக் கீரையும் சற்று எட்டிய சுற்றத்தார். ஐரோப்பியக் கடலோரப் பாறைகளில் விளைந்த காட்டுச் செடியிலிருந்து கோசு வந்தது. ஐரோப்பியரின் கப்பல்களோடு அது ஆசியாவின் பல பகுதிகளுக்குப் பரவிற்று. இலங்கைத் தமிழர் இதனைக் ‘கோவா’ என்று வழங்குவது போர்த்துகீசியரின் ‘கூவெ’ என்னும் சொல்லின் வழி. காயோடு பெயரும் கப்பலேறி வந்தது. காயைத் தின்னும் பூச்சிகளும் வந்தன.

நெடிக்கு வருவோம். இக்குடும்பத்துச் செடிகளின் திசுக்களில் கந்தகம் கலந்த ஒருவகைப் பொருள் உண்டு. குளுக்கோசினோலேட்டு என்பது அதன் பெயர். அதனை உடைக்கவல்ல மைரோசினேசு என்னும் நொதியும் அதே இலையில் இருக்கின்றது. ஆயினும் இரண்டும் தனித்தனி அறைகளில் பூட்டப்பட்டுள்ளன. இலையைக் கடித்தால் அறைச்சுவர்கள் உடைகின்றன, இரண்டும் கலக்கின்றன, கடுகெண்ணெய் என்னும் காரப்பொருள் உண்டாகின்றது. பூச்சிகளுள் மிகப் பலவற்றிற்கு இது நஞ்சு. அம்மியில் நிகழ்வதே பூச்சியின் வாயிலும் நிகழ்கின்றது. கோசு வாளாவிருந்து தின்னப்படும் செடியன்று. கடித்தவன் வாயில் வெடிக்கும் செடி. பள்ளிக்கூடத்தில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு பிடி கடுகும் ஒரு கிண்ணம் நீரும் போதும். முதலில் முழுக்கடுகை முகரச் செய்து, பின்னர் அரைத்து முகரச் செய்தால் மாணவர் மறக்கமாட்டார்.

அங்ஙனமாயின் கோசு ஏன் ஓட்டை ஓட்டையாகிப் போகின்றது? இவ்வளவு காரத்தையும் வென்ற சில பூச்சிகள் உள. வென்றதோடு அமையாமல், அக்காரத்தையே தமக்கு வழிகாட்டியாகவும் கொண்டன. 1910-ஆம் ஆண்டில் எட்வர்டு வெர்சாஃபெல்ட் என்னும் ஆம்சுடர்டாம் அறிஞர் ஓர் எளிய சோதனை செய்தார். கோசைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், வேறு குடும்பத்துச் செடியின் இலையைக் கொடுத்தால் தொடுவதில்லை. அந்த இலையின்மீது கடுகுக் குடும்பத்துச் செடியின் சாற்றைத் தடவிக் கொடுத்தார். புழுக்கள் தின்னத் தொடங்கின. பிறரை விரட்டுவதற்காகச் செடி வைத்த காரம் இவற்றிற்கு ‘உணவு இங்கே’ என்னும் விளம்பரப் பலகையாயிற்று. பெண்பூச்சியும் இந்தப் பொருளைக் கால்களால் சுவைத்தறிந்தே முட்டையிடுகின்றது.

காரத்தை எவ்வாறு வென்றன என்பது அண்மையில்தான் விளங்கிற்று. ஜெர்மனியின் யேனா நகரத்து ஆய்வாளர்கள் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, வைர முதுகு அந்துப்பூச்சியின் புழு தன் குடலில் ஒரு நொதியைச் சுரந்து, குளுக்கோசினோலேட்டின் ஒரு பகுதியை முன்கூட்டியே கத்தரித்துவிடுகின்றது. அதன்பின் செடியின் நொதி அதனை நஞ்சாக்க இயலாது. வெடிமருந்தின் திரியைப் பிடுங்கிவிடுவது போன்றது இது. வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுவோ வேறொரு தந்திரம் செய்கின்றது. உடைப்பை நடக்கவிட்டு, விளைபொருளைத் தீங்கு குறைந்த வேறொன்றாகத் திருப்பிவிடுகின்றது. பகை ஒன்று, உத்தி இரண்டு.

இங்கே நம் நாட்டுத் தோட்டக்காரர் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஆங்கிலேயரின் தோட்டக்கலை நூல்களைப் புரட்டினால் கோசின் முதற்பகையாக வெள்ளை வண்ணத்துப்பூச்சியே காட்சி தரும். அவர்கள் நாட்டில் அது மெய். 1860 வாக்கில் கனடாவின் கியூபெக்கிற்குள் நுழைந்து வட அமெரிக்கா முழுவதும் பரவியதும், 1930-இல் நியூசிலாந்தில் கால்வைத்ததும் அவ்வினத்தில் ஒன்றே. ஆனால் நம் கேமரன் மலையிலும் சமவெளியிலும் கோசைப் பாழாக்குவதில் முதலிடம் பெறுவது அழகிய வண்ணத்துப்பூச்சியன்று. விரல் நகத்தினும் சிறிய, சாம்பல் நிறத்து வைர முதுகு அந்துப்பூச்சி. இந்த வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. வண்ணத்துப்பூச்சியைத் தடுக்க அந்நூல்கள் கூறும் வலையின் கண்களில் விரல் நுழையும். அந்துப்பூச்சிக்கு அது வலையன்று, வாசல்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அந்து’ என்பது பழந்தமிழர் வழக்கில் நெற்குதிரில் விழும் சிறு பூச்சிக்குரிய பெயர். பாடநூல் எழுதியோர் அதனை விரித்து, இரவில் பறக்கும் இவ்வினம் முழுமைக்கும் உரியதாக்கினர். நல்ல விரிவே. வீட்டு முற்றத்தில் நிற்கும் பாட்டியிடம் ‘அந்து’ என்றால் அவர் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பார் என்பதை மட்டும் ஆசிரியர்கள் நினைவிற்கொள்க.

வைர முதுகு அந்துப்பூச்சியை இனங்காண்பது அரிதன்று. அது சிறகை மடக்கி அமர்ந்திருக்கும்போது முதுகின் நடுவே வெளிறிய மஞ்சள் நிறத்தில் வைரக் கற்களை வரிசையாகக் கோத்தாற்போன்ற கோலம் தெரியும். பகலில் இலைக்கடியில் ஒடுங்கியிருக்கும். அந்தி மயங்கும் வேளையில் எழுந்து பறந்து இணை தேடும். ஒரு பெண்பூச்சி தன் சிறு வாழ்நாளில் 150-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் நரம்பையொட்டி ஒன்றும் இரண்டுமாக இடும். பிறந்த புழு முதலில் இலையின் தோலுக்குள்ளேயே சுரங்கம் தோண்டித் தின்னும்; வளர்ந்தபின் வெளிவந்து அடிப்புறத்தைச் சுரண்டும். மேல்தோலை மட்டும் கண்ணாடித் தாள்போல் விட்டுவைக்கும். கோசிலையில் இத்தகைய சாளரங்களைக் கண்டால் இப்பூச்சியென உறுதி செய்யலாம். ஐயமிருப்பின் புழுவை ஈர்க்கால் தொட்டுப் பாருங்கள். பின்னோக்கித் துடிதுடித்து, ஒரு நூலிழையில் தொங்கியபடி கீழிறங்கும். முதிர்ந்தபின் மெல்லிய வலைபோன்ற கூட்டைப் பின்னி அதனுள் கூட்டுப்புழுவாகும். வெப்பமான சமவெளியில் மூன்று கிழமைக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். குளிர்ந்த மலையில் இன்னும் சில நாள் கூடுதலாகும். மூன்று கிழமைக்கு ஒன்றாயின் ஆண்டுக்குப் பதினைந்து தலைமுறைக்கும் மேல். அதன் வலிமையே இந்த விரைவில்தான் உள்ளது.

அவ்வலிமையை உலகுக்கு முதலில் காட்டிய இடம் நமக்கு அண்மையில் உள்ளது. மேற்குச் சாவகத்தில், பாண்டுங் நகருக்கு வடக்கே லெம்பாங் என்னும் மலையூர் இருக்கின்றது, காய்கறிக்குப் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டி.டி.டி. என்னும் மருந்து எல்லாப் பூச்சிகளுக்கும் முடிவுகட்ட வந்ததென்று உலகமே கொண்டாடிய காலம் அது. 1953-ஆம் ஆண்டிலேயே லெம்பாங்கில் வைர முதுகு அந்துப்பூச்சி டி.டி.டி.க்குச் சாகவில்லை என்று ஆங்கெர்சுமிட் என்னும் ஆய்வாளர் எழுதினார். வயற்பயிரைத் தின்னும் பூச்சி ஒன்று அம்மருந்தைத் தாங்கி நின்றதற்கு மிக முற்பட்ட சான்றுகளுள் இஃதொன்று.

இது மாயமன்று. ஆயிரம் புழுக்களின்மேல் மருந்து படும்போது, பிறவியிலேயே சற்றுத் தாங்கும் இயல்புடைய ஒன்றிரண்டு பிழைக்கின்றன. அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். மீண்டும் மருந்து, மீண்டும் தாங்கியவை மட்டும் பெருகுகின்றன. ஆண்டுக்கு ஒரு தலைமுறை உடைய பூச்சிக்கு இது நிகழப் பல்லாண்டு ஆகும். ஆண்டுக்குப் பதினைந்து உடையதற்கு ஒரு சில ஆண்டே போதும். இனி உழவர் செய்வது யாது? அளவைக் கூட்டுகிறார், பின்னர் இரண்டு மருந்துகளைக் கலக்கிறார், பின்னர் நாட்களை நெருக்குகிறார். டி.டி.டி.க்குப் பின் வந்த மருந்து வகைகள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு நாட்டில் இப்பூச்சியிடம் தோற்றுள்ளன.

பாசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் நுண்ணுயிரின் வரலாறு இவற்றுள் மிகவும் படிப்பினை தருவது. 1901-இல் சப்பானிய அறிஞர் இசிவாத்தா பட்டுப்புழுக்கள் மடிவதை ஆராய்ந்தபோது இதனைக் கண்டார். பத்தாண்டு கழித்து ஜெர்மானியர் பெர்லினர், துரிஞ்சியா மாநிலத்திலிருந்து வந்த மாவுப்பூச்சியின் புழுக்களில் இதனையே கண்டு பெயரிட்டார். இந்நுண்ணுயிர் உண்டாக்கும் புரதப் படிகத்தைத் தின்ற புழுவின் குடல் சிதைகின்றது. அது தீனியை நிறுத்தி மடிகின்றது. மனிதர்க்கும் குளவிக்கும் இதனால் தீங்கில்லை. ஆதலின் இது வேதிமருந்தினும் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘இயற்கையானது, ஆகவே எத்தனை முறையும் தெளிக்கலாம்’ என்று எண்ணியோர் ஏமாந்தனர். 1990-இல் அவாயித் தீவுகளின் தோட்டங்களில் இந்நுண்ணுயிரையும் தாங்கும் வைர முதுகு அந்துப்பூச்சிகள் இருப்பதாக ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதே பத்தாண்டில் கேமரன் மலையிற் பிடித்த பூச்சிகளிலும் அத்தகைய எதிர்ப்பாற்றலை ஆய்வாளர் கண்டனர். பூச்சிக்கு இயற்கை மருந்து, செயற்கை மருந்து என்னும் வேற்றுமை இல்லை. அடிக்கடி வருவது எது என்பதே கணக்கு.

கேமரன் மலை நம் நாட்டின் காய்கறிக் கூடை. தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்கள் 1,400 மீட்டருக்கும் உயரத்தில் அமைந்தவை. குளிர்ச்சி விரும்பும் கோசு அங்கே இறுகத் தலைகட்டும். ஆண்டு முழுதும் குளிர்ச்சி. ஆண்டு முழுதும் கோசு. எனவே ஆண்டு முழுதும் அந்துப்பூச்சிக்கும் விருந்து. ஐரோப்பாவிலாயின் பனிக்காலம் ஒன்று வந்து பூச்சியை ஒடுக்கும். இங்கே அத்தகைய இடைவேளை இல்லை. மலையில் தேயிலைத் தோட்டங்களோடு தலைமுறைகளாய் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. காய்கறி வேலைக்குச் சென்றோரும் உண்டு. மருந்துத் தெளிப்பான் முதுகில் ஏறும்போது அதன் ஆவியை முதலில் உட்கொள்வது உண்பவரல்லர், தெளிப்பவரே. மலேசியாவில் பூச்சிமருந்துச் சட்டம் 1974-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மருந்துகளின் பதிவும் விற்பனையும் அதன்கீழ் வருகின்றன. சட்டம் வேண்டும். ஆனால் ஓட்டையில்லாத இலையைத்தான் வாங்குவேன் என்று கடையில் நிற்கும் நம்மைத் திருத்தச் சட்டத்தால் ஆகாது. சமைக்குமுன் உரித்தெறியும் மேலிலைகளில் நான்கு துளைகள் இருந்தால் நமக்கு என்ன குறை? அந்த நான்கு துளைகளைத் தவிர்க்கவே மலையில் எத்தனையோ தெளிப்புகள் நடக்கின்றன.

மருந்தால் ஆகாததை ஒரு சிறு குளவி செய்தது. தையடெக்மா என்பது அதன் பெயர், எறும்பைவிடச் சற்றே பெரியது, நம்மைக் கொட்டுவதில்லை. பெண்குளவி வைர முதுகுப் புழுவைத் தேடிப் பிடித்து, அதன் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்தும். புழு இறப்பதில்லை, தின்றுகொண்டே வளரும். அதனுள் குளவிக்குஞ்சும் வளரும். அந்துப்புழு தன் வலைக்கூட்டைப் பின்னி முடித்ததும், உள்ளிருக்கும் குஞ்சு அதனை முற்றுந் தின்று, அக்கூட்டினுள்ளேயே தனக்கொரு கூட்டைக் கட்டிக்கொள்ளும். வீட்டைக் கட்டியவன் ஒருவன், குடியேறியவன் மற்றொருவன். ஐரோப்பாவில் இயற்கையாய் வாழும் இக்குளவியை 1930-களில் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து 1950-இல் சாவகத்திற்குக் கொணர்ந்தனர். கேமரன் மலைக்கு வெளிநாட்டுக் குளவிகள் வந்தது 1970-களில்.

கொணர்ந்தவுடன் எல்லாம் நலமாயிற்று என்று எண்ணவேண்டா. சாவகத்திலும் மலேசியாவிலும் குளவி பிழைத்தது. ஆனால் உழவர் தெளித்த கடுமருந்து புழுவைவிடக் குளவியையே மிகுதியாகக் கொன்றது. புழு மருந்தைத் தாங்கக் கற்றிருந்தது, குளவி கற்றிருக்கவில்லை. வேதிமருந்தைக் குறைத்து, புழுவை மட்டும் தாக்கும் நுண்ணுயிர் மருந்தைத் தேவைக்கு மட்டும் பயன்படுத்திய இடங்களில்தான் குளவி தலையெடுத்தது. ‘மருந்தடித்தும் புழு குறையவில்லை’ என்று கூறுவோரிடம், ‘மருந்தடித்ததனாலேயே குறையவில்லை’ என்று விடைகூற வேண்டியிருப்பது இதனாலேதான்.

சமவெளியில் வாழ்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. தையடெக்மா குளிர்ச்சியை விரும்புவது. கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ அதனை எதிர்பார்த்தல் இயலாது. வெப்பத்தைத் தாங்குவது கோட்டீசியா என்னும் வேறொரு சிறு குளவி. இதன் குஞ்சு புழுவைத் துளைத்து வெளிவந்து, இலையின்மேல் அரிசி நொய்யளவு வெண்பட்டுக் கூட்டைக் கட்டும். இதனை இனங்கண்டுகொள்வது இன்றியமையாதது. ஏனெனில் தோட்டத்தைத் துப்புரவு செய்யும் ஆர்வத்தில் ‘இதுவும் ஏதோ பூச்சிமுட்டை’ என்று நசுக்கிவிடுவோர் பலர். அந்துப்பூச்சியின் கூடு சல்லடைபோல் உள்ளே இருப்பதைக் காட்டும். குளவிக்கூடு இறுக நெய்யப்பட்டு உள்ளே ஒன்றும் தெரியாதிருக்கும். உள்ளே தெரிந்தால் பகை, தெரியாவிட்டால் நட்பு. மாணவர்க்கு இவ்வளவு சொன்னாற் போதும்.

குளவி எவ்வாறு புழுவைக் கண்டுபிடிக்கின்றது? இங்குத்தான் மணத்தின் கதை மறுபடியும் வருகின்றது. நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரத்து ஆய்வாளர்கள் 1995-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு கோசிலையைக் கடிக்கும்போது அதன் வாய்நீரில் உள்ள ஒரு நொதி இலையிற் படுகின்றது. அது பட்ட இலை தனிப்பட்ட மணக்கலவை ஒன்றை வெளியிடுகின்றது. அந்த மணத்தை நோக்கிக் கோட்டீசியா இனத்துக் குளவி பறந்து வருகின்றது. கத்தியால் கீறிய இலைமேல் புழுவின் வாய்நீரைத் தடவினாலும் குளவி வந்தது. காரத்தால் பகைவனை விரட்ட முயன்று தோற்ற செடி, மணத்தால் பகைவனின் பகைவனை அழைக்கின்றது. தோட்டமெங்கும் மருந்து நாற்றத்தைப் பரப்பி, அழைப்பை ஏற்று வந்த விருந்தினரையும் கொல்வது நம் வேலை ஆகலாமா?

இனி வீட்டுத் தோட்டத்தின் நடைமுறை. பத்துச் செடி வைத்திருப்பவர்க்கு ஐந்து ஏக்கர் உழவர்க்கில்லாத ஒரு செல்வம் உண்டு, அது விரல். கிழமைக்கு இருமுறை, காலையில், ஒவ்வோர் இலையையும் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்து முட்டையையும் புழுவையும் நசுக்கினாற் போதும். மேற்புறத்தைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று திரும்புவோர் பாதி வேலையும் செய்யாதவரே. நாற்று நட்ட முதல் மாதத்தில் நடுக்குருத்தில் கண் இருக்கட்டும். சமவெளியில் குருத்தைத் துளைத்து, நூலாம்படையால் மூடிக்கொண்டு உள்ளிருந்து தின்னும் வேறொரு புழு உண்டு. வெளியிலையில் பத்து ஓட்டை விழுந்தாலும் கோசு பிழைக்கும். குருத்தில் ஒரு துளை விழுந்தால் தலையே கட்டாது, அல்லது உதவாத சிறு தலைகள் பலவாய்க் கிளைக்கும். வெப்பம் தாங்கும் கலப்பின வகைகளை வாங்கிச் சமவெளியில் நடுவோர் மலைக்கோசின் பருமனை எதிர்பாராமல், இக்குருத்தைக் காப்பதில் கருத்தைச் செலுத்துவாராக.

விரலுக்கு நேரமில்லாதவர்க்கு வலை. பழைய கொசுவலையே சிறந்தது. அதன் கண் இவ்வந்துப்பூச்சியைத் தடுக்குமளவு நுண்ணியது. மூங்கிற் பிளாச்சுகளை வளைத்து நட்டு, அதன்மேல் வலையைப் போர்த்து, ஓரங்களை மண்ணாலோ செங்கல்லாலோ மூடவேண்டும். நாற்று நட்ட அன்றே போர்த்த வேண்டும். பூச்சி முட்டையிட்டபின் போர்த்தினால் புழுவுக்குக் காவல் வைத்ததாகும், குளவியும் உள்ளே வர இயலாது. இலை வலையைத் தொடாதிருக்க வேண்டும். தொட்டால் பெண்பூச்சி வெளியே அமர்ந்தபடியே முட்டையிட்டுவிடும். காய்கறி அங்காடியிலிருந்து வாங்கிய நாற்றாயின், போர்த்துமுன் ஒருமுறை இலையின் அடிப்புறத்தை ஆராய்க.

நீரும் ஒரு கருவியே. மழைக்காலத்தில் இப்பூச்சி குறைந்து, வறட்சியில் பெருகுவதை உழவர் அறிவர். சிறு புழுக்களை மழை அடித்துக் கழுவிவிடுகின்றது. நாம் அந்தி வேளையில், பூச்சி எழுந்து பறக்கும் நேரம் பார்த்து, மேலிருந்து தூவினால் அதன் இணைசேர்க்கையும் முட்டையிடுதலும் கலைகின்றன. இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் அழுகல் நோய் வருமென்பதும் மெய்யே. ஆகவே இம்முறை வறண்ட நாட்களுக்கு மட்டும்.

கடுகை மீண்டும் கருதுக. பெங்களூர் அருகே உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தார், கோசு வரிசைகளுக்கிடையே கடுகை விதைத்துப் பார்த்தனர். 25 வரிசைக் கோசுக்கு இரு வரிசைக் கடுகு என்பது அவர்கள் வகுத்த கணக்கு. ஒரு வரிசையைக் கோசு நடுவதற்கு 15 நாள் முன்பும், மற்றதை நட்ட 25 நாள் பின்பும் விதைக்கவேண்டும். கடுகு முதிர்ந்து காய்ந்துவிடாமல் எப்போதும் ஒன்று இளமையாய் இருப்பதற்கு இந்த ஏற்பாடு. அந்துப்பூச்சி கடுகையே மிகுதியும் விரும்பி அங்கே முட்டையிடுகின்றது. நம் வீட்டில் 25 வரிசைக்கு இடமேது? ஒரு பாத்தியின் இருபுறமும் அடுக்களைக் கடுகில் ஒரு பிடி தூவினாற் போதும். ஆனால் அக்கடுகில் விழுந்த புழுவை அவ்வப்போது அழிக்கவேண்டும். இன்றேல் பொறி வைத்தவன் பொறியைப் பார்க்க மறந்த கதையாய், அதுவே பூச்சிப் பண்ணையாகிவிடும்.

இத்தனையும் போதாதபோது வேம்பு. உலர்ந்த வேப்பங்கொட்டையின் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் என இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மாலையில் தெளிக்கலாம். கோசிலை மெழுகு பூசினாற்போல் வழுவழுப்பானது. நீர் முத்தாய் உருண்டோடும். சிறிதளவு சவர்க்காரம் கரைத்தால் ஒட்டும். வேம்பு உடனே கொல்வதன்று. புழுவின் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளர்வதைத் தடுப்பது. மறுநாட் காலையில் புழு உயிருடன் இருப்பதைக் கண்டு ‘வேம்பு பயனற்றது’ என்று முடிவு கட்டுவோர் ஒரு கிழமை பொறுத்திருந்து பார்க்க.

பிற பகைவர் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். புகையிலைப் புழு என வழங்கும் வெட்டுப்புழுவினத்துப் பூச்சி இலையடியில் பழுப்பு மயிர் போர்த்த முட்டைக்குவியலை இடும்; அந்த ஓர் இலைத்துண்டைக் கிள்ளி எறிந்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழிந்தன. அசுவினியைச் சவர்க்கார நீரால் கழுவலாம். பொறிவண்டு மேய்ந்துகொண்டிருந்தால் அதனையும் செய்யவேண்டா. நாற்றை இரவோடிரவாக அடியில் அறுத்துச் சாய்க்கும் புழுவுக்கு, தண்டைச் சுற்றி ஒரு தாட்குழாயை மண்ணில் இரண்டு விரற்கடை இறங்கும்படி செருகி வைத்தல் போதும். பெரிய ஆப்பிரிக்க நத்தை மழையிரவுகளில் வரும். கைவிளக்கும் கையுறையும் கொண்டு பொறுக்குவதே வழி. வெறுங்கையால் தொடலாகாது. மனிதர்க்கு நோய்தரும் ஒட்டுப்புழு அதனிடம் உண்டு.

எவ்வாறாயினும் ஒருசிலர் மருந்து வாங்கவே செய்வர். அவர்க்கு ஒரு வேண்டுகோள். பெருந்தோட்டத்திலிருந்து பழைய பானப் புட்டியில் ஊற்றிக்கொண்டு வந்த, பெயரறியா மருந்தை வீட்டில் வைக்கவே வேண்டா. பிள்ளைகள் அதனைப் பானமென்றே எண்ணுவர். முத்திரை பெற்ற சிறு புட்டியை வாங்கி, அதன்மேல் அச்சிட்ட அளவையும், தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் படித்தறிந்து செய்க. பள்ளித் தோட்டத்தில் இதற்கும் இடமில்லை.

அறுவடை முடிந்ததும் பலர் தலையை மட்டும் வெட்டிக்கொண்டு தூரை மண்ணிலேயே விட்டுவிடுகின்றனர். அதிலிருந்து இளந்தளிர் துளிர்க்கும்; அடுத்த பயிர் வரும்வரை அந்துப்பூச்சி அதிலேயே குடித்தனம் நடத்தும். தூரைப் பிடுங்கி, உதிர்ந்த மேலிலைகளோடு சேர்த்துக் குழியிற் புதைத்துவிடலாம். கோழி வளர்ப்போர் அவற்றிற்குப் போடலாம். அப்பாத்தியில் அடுத்தமுறை கடுகுக் குடும்பத்தைத் தவிர்த்து வெண்டையோ பயறோ கத்தரியோ வைத்து, இரண்டு பருவம் கழித்துக் கோசுக்குத் திரும்புக.